மலைச் சாலையில் எங்கள் சனிக்கிழமைகள்



மூன்று மாதங்களாக இங்கு எதுவும் எழுதவில்லை. நலம் விசாரித்த ஆசிரிய நண்பர்களுக்கும், "டீச்சர், ஆறாம் ஆண்டுக் கட்டுரைக் குறிப்பு எப்போது வரும்?" என்று பள்ளி வாசலில் கேட்ட பெற்றோருக்கும் நன்றி. இன்றும் கட்டுரைக் குறிப்பு இல்லை. எங்கள் வீட்டுக் கதை ஒன்றை எழுதப் போகிறேன். எழுதலாமா என்று என் கணவரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா என் பேரைப் போடாதே. லோரிக்காரங்க யாராவது படிச்சிட்டு பசாருல கிண்டல் பண்ணுவாங்க" என்றார். ஆகவே, இக்கட்டுரை முழுவதும் அவர் 'அவர்'தான்.

நாங்கள் தாப்பாவில் வாழ்கிறோம். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் சிறிய பட்டணம் இது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் தாப்பாவைக் கேமரன் மலைக்கு ஏறும் சந்தியாக மட்டுமே பார்ப்பார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கோ மலை என்பது சமையலறைச் சன்னலில் தெரிவது. காலையில் மேகம் இறங்கியிருந்தால் துணி காயப்போடுவதை மாலைக்குத் தள்ளிவைப்பேன். அவ்வளவுதான் அதற்கும் எனக்கும் இருந்த தொடர்பு. அவருக்கு அப்படியில்லை. 20 ஆண்டுகளாக அந்த மலைதான் எங்கள் வீட்டு அரிசிக்கும் பருப்புக்கும் படியளந்தது.

அவர் காய்கறி ஏற்றும் சரக்குந்து ஓட்டினார். ('சரக்குந்து' என்று நான் எழுதியிருப்பதைப் பார்த்தால் சிரிப்பார். அவருக்கு அது என்றுமே 'லோரி'தான்.) பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் நாலரைக்கு ரிங்லெட். அங்கே முட்டைக்கோசும் தக்காளியும் சாலாட் கீரையும் கூடை கூடையாக ஏறும். ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கி, எட்டரைக்குத் தாப்பாவைக் கடப்பார். எங்கள் வீடு நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் இருப்பதால், பதினைந்து நிமிடம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுக் காப்பிப் போத்தலை எடுத்துக்கொண்டு புறப்படுவார். நள்ளிரவுக்குச் சற்று முன் கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தை. கூடைகளை இறக்கிக் கணக்கு முடித்து, விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பினால் ஆறரைக்கு வீடு. நான் பள்ளிக்குப் புறப்படுவது 6.45-க்கு. ஆக, எங்கள் காலைச் சந்திப்பு வாசற்கதவருகே. அவர் காலணியைக் கழற்றும்போது நான் மாட்டுவேன். இரண்டு மணிக்கு நான் வீடு திரும்பும்போது அவர் தூங்கி எழுந்திருப்பார். இரண்டிலிருந்து மூன்று வரை, சேர்ந்து உண்ணும் அந்த ஒரு மணி நேரமே எங்கள் குடும்ப வாழ்க்கை.

இப்படி வாழும் வீட்டில் சொல்ல வேண்டியவை நிறையச் சேர்ந்துவிடும். அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். பள்ளிக் கூட்டுறவுக் கடையில் விற்கும் சாதாரணக் கோடிட்ட பயிற்சிப் புத்தகந்தான். சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கும். "கேஸ் முடியப் போகிறது." "மகள் பணம் கேட்டாள், 150 அனுப்பிவிட்டேன்." "ரசம் கொஞ்சம் உப்பு." "சரி, நாளைக்கு நீங்களே வையுங்கள்." இவைதாம் எங்கள் கடிதங்கள். கைப்பேசியில் புலனம் வந்த பிறகும் அப்புத்தகத்தை நாங்கள் விடவில்லை. அவர் வண்டி ஓட்டும்போது கைப்பேசியை எடுக்கக்கூடாது என்பது என் கட்டளை. ஒன்று முடிந்தால் அடுத்தது என்று பதினான்கு புத்தகங்கள் நிறைந்துவிட்டன. எதையும் எறியவில்லை. ஆசிரியர் வீடு அல்லவா, பழைய புத்தகத்தை எறிய மனம் வராது.

எங்கள் மலையேற்றம் தொடங்கிய கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளாக என் சனிக்கிழமைகள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொந்தமாக இருந்தன. யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான கூடுதல் வகுப்பு என்றால் என்ன என்று இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. அதைப் பற்றி ஆயிரம் கருத்துகள் உண்டு, எனக்கும் உண்டு, இன்னொரு நாள் பேசலாம். அதனால் எனக்குக் கிடைத்தது சனிக்கிழமை. அவருக்கும் வெள்ளி, சனி இரவுகளில் ஓய்வு. வேறோர் ஓட்டுநர் வண்டியை எடுப்பார்.

ஆனால் சனிக்கிழமை கையில் கிடைத்தபோது மலைக்குப் போக முடியவில்லை. பெருந்தொற்றுக் காலம் அது. தாப்பா பேராக் மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறிப் போகும் கேமரன் மலையோ பகாங் மாநிலத்தில். (இதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பாதி மாணவர்கள் பேராக் என்றே எழுதுவார்கள்.) ஆகவே, மாநில எல்லையைக் கடக்கத் தடை இருந்த அம்மாதங்களில் அவரும் முட்டைக்கோசும் கடக்கலாம், நான் கடக்க முடியாது. 2021 அக்டோபர் 11-ஆம் நாள் தடை நீங்கியது. அந்த வாரச் சனிக்கிழமையே அவர் எங்கள் பழைய மைவியைத் துடைத்து வைத்திருந்தார். "வா டீச்சர், என்னுடைய ஆபிஸைக் காட்டுறேன்" என்றார்.

வாரம் ஐந்து நாள் அந்த மலையில் ஏறி இறங்குகிறவர், ஓய்வு நாளிலும் அதே மலைக்கு என்னை ஏற்றிச் செல்ல விரும்பியது எனக்கு முதலில் விளங்கவில்லை. கடலுக்குப் போகலாம், லூமுட் பக்கந்தானே என்று கேட்டும் பார்த்தேன். பிறகு, அவரோடு போகப் போக விளங்கியது. 20 ஆண்டுகளில் பாதி நாள் அவர் அந்த மலையை இருட்டில்தான் பார்த்திருக்கிறார். ஏறும்போது வெளிச்சம் இருக்கும். ஆனால் மணியைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். நின்று பார்க்க நேரம் ஏது? சனிக்கிழமைதான் அவர் நின்றார்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆங்கிலேயர் காலத்தில் 1931-இல் முடிக்கப்பட்ட சாலை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் அப்பக்கம் போனதால் மலைக்கு அவர் பெயர் வந்தது என்பது பாடநூல் செய்தி. என் கணவரின் நில அளவை வேறு. "இந்த வளைவுல 2009-ல டயர் வெடிச்சது." "இந்த மரத்தடியிலதான் மழையில ரெண்டு மணி நேரம் மண்சரிவுக்காகக் காத்திருந்தேன்." "இந்தப் பாலத்துக்கிட்ட வந்தா ஜன்னல மூடிடுவேன், குளிர் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்." உண்மைதான். அந்தப் பாலத்தைத் தாண்டியதும் காதில் குளிர் ஏறும்.

எங்கள் முதல் நிறுத்தம் எப்போதும் லாத்தா இஸ்கண்டார் அருவி. சாலையோரத்திலேயே பாறையில் வழிந்து இறங்கும் அருவி அது. அங்குள்ள கடைகளில் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் தேனும் காட்டுப் பொருள்களும் விற்பார்கள். ஒரு கடைக்கார அம்மா அவரை 'அபாங் சாயூர்' என்றுதான் கூப்பிடுவார். காய்கறி அண்ணன்! வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் அங்கே உட்கார்ந்து உண்போம். சோறு குளிர்ந்திருக்கும், அருவிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. பேசாமல் உண்போம். அந்த அரை மணி நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதற்குமேல் போகுமிடம் மாறும். ஒருநாள் தானா ராத்தாவில் நான்காம் எண் காட்டுப் பாதை வழியாகப் பாரிட் அருவி வரை நடந்தோம். ஒருநாள் பிரிஞ்சாங் மலையுச்சி; 2,000 மீட்டருக்கும் மேல் உயரம். பாசி படர்ந்த மரங்களுக்கிடையே மேகம் நடந்து போனது. ஒருநாள் 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தோம். இரண்டு ஸ்கோனும் ஜாமும் சேர்த்து அவர் கொடுத்த விலையைக் கேட்டு என் அம்மா ஒரு வாரம் புலம்பினார். அவருக்குத் தேயிலைத் தோட்டம் என்றால் முதுகுக்கூடை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் இடம் அல்ல. 1967-இல் அம்மலையில் நடக்கப் போய்த் திரும்பியே வராத பட்டு வணிகர் ஜிம் தாம்சனின் கதையையும் அவர்தான் எனக்குச் சொன்னார். அதை நான் வகுப்பில் சொல்லி, இரண்டு வாரங்களுக்குக் கழிவறைக்குக் கூட இரண்டு இரண்டு பேராகத்தான் போனார்கள்.

ஒன்றை மட்டும் அவர் காட்டவில்லை; காட்ட முடியவில்லை. செவ்வந்திப் பூ வளர்க்கும் கூடாரங்களில் இரவெல்லாம் விளக்கெரியுமாம். மலைச்சரிவு முழுவதும் ஒளிரும், தீபாவளிபோல் இருக்கும் என்பார். நாங்களோ இருட்டுமுன் இறங்கிவிடுவோம். "ஒரு நாள் ராத்திரி தங்கிப் பார்க்கலாம்" என்று நோட்டுப் புத்தகத்தில் ஒருமுறை எழுதியிருந்தார். "பார்க்கலாம்" என்று நான் கீழே எழுதியிருந்தேன். மதிப்பெண் போட்டதுபோல.

இனி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கடந்த ஜூலை மாதம். என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். எழுத்து நன்றாக எழுதுவான். ஆனால் வெண்பலகையில் எழுதிப்போட்டதை நகலெடுக்கச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்ப்பான். சோம்பல் என்றே நினைத்து இரண்டு முறை கடிந்தேன். பிறகு ஒரு நாள், பலகையில் உள்ளதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னபோது புன்னகைத்துக்கொண்டு நின்றான். அந்தப் புன்னகை என்னை உலுக்கியது. முன்வரிசையில் உட்கார வைத்தேன். அப்பாவை அழைத்துப் பேசினேன். இரண்டே வாரத்தில் கண்ணாடி வந்தது. "22 ஆண்டு அனுபவம் சும்மாவா?" என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டு அன்றைய நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதியும் வைத்தேன். "கெட்டிக்கார டீச்சர்" என்று அவர் பதில் எழுதியிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை தானா ராத்தாவில் ஓர் உணவகம். சுவரில் இருந்த பட்டியலைப் பார்க்காமலேயே, "உனக்கு என்னவோ அதுவே எனக்கும்" என்றார். அன்பென்று எடுத்துக்கொண்டேன். சாலையில் ஒரு புதிய அறிவிப்புப் பலகை. "அதுல என்ன போட்டிருக்கான், படி பார்ப்போம்" என்றார். விளையாட்டென்று எடுத்துக்கொண்டேன்.

மாலை நாலரை மணிக்கு இறங்கினோம். ரிங்லெட்டுக்குக் கீழே பனிமூட்டம் சாலையை மறைத்தது. அவர் வழக்கம்போல் சீராகத்தான் ஓட்டினார். ஒரு வளைவைத் திரும்பியதும் எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒரு சிறுமி, அவள் மடியில் சாக்குப்பை. பின்விளக்கு எரியவில்லை. அவர் வேகத்தைக் குறைப்பார் என்று எண்ணினேன். குறைக்கவில்லை. "என்னங்க!" என்று நான் அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். எங்கள் வண்டி குலுங்கி நின்றது. அச்சிறுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் பனிக்குள் போய்விட்டார்கள்.

சற்றுத் தள்ளிச் சாலை அகன்றிருந்த இடத்தில் நிறுத்தினார். இரண்டு கைகளும் நடுங்கின.

"அவங்கள நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். நீ கத்தின பிறகு பார்த்தேன்."

"எத்தனை நாளா இப்படி?"

வெகுநேரம் பேசவில்லை. சன்னலில் நீர் கோத்து இறங்கியது. "சீனப் பெருநாளுக்கு அப்புறம்" என்றார். ஐந்து மாதங்களுக்கு மேல்.

"அப்புறம் எப்படிங்க ராத்திரியில லோரி ஓட்டுறீங்க?"

"வளைவெல்லாம் மனப்பாடம் டீச்சர்."

என் தொழிலில் நான் மிகவும் வெறுக்கும் சொல் அது. பக்கத்தைப் பார்க்காமல் பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளைகளை எத்தனை முறை தடுத்திருப்பேன்! வந்த கோபத்தில், "வளைவு மனப்பாடம், சரி. எதிர்ல வர்றவங்களும் மனப்பாடமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குரலில் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவரிடம் விடை இருந்தது. மகள் ஈப்போவில் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. லோரியை விட்டால் 50 வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? அதோடு, "உன்கிட்ட சொன்னா நீ அன்னைக்கே நிறுத்தச் சொல்லுவ" என்றார். ஆம், சொல்லியிருப்பேன்.

அன்றிரவு அவர் உறங்கிய பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று தெரியவில்லை. பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். ஜனவரியில் அவர் எழுத்து ஒரு கோட்டுக்குள் அடங்கியிருந்தது. மார்ச்சில் கோட்டின்மேல் ஏறியிருந்தது. மே மாதத்தில் ஒரு வரி இரண்டு கோடுகளை அடைத்திருந்தது. 'கெட்டிக்கார டீச்சர்' என்ற இரண்டு சொற்கள் பக்கத்தின் பாதியைப் பிடித்துச் சரிந்து இறங்கியிருந்தன. தினமும் அந்த எழுத்தைப் பார்த்தவள் நான். அவசரத்தில் கிறுக்குகிறார் என்றே எண்ணியிருந்தேன். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளின் கையெழுத்தை, பெயர் பார்க்காமலேயே யாருடையது என்று சொல்வேன் என்பது என் பெருமைகளில் ஒன்று.

நோய் என்னவென்று உங்களில் பலர் ஊகித்திருப்பீர்கள். அவருக்குச் சீனி வியாதி இருப்பது எட்டு ஆண்டுகளாகத் தெரியும். மாத்திரை உண்டு, ஒழுங்காகப் போடுவதில்லை. இரவு முழுதும் விழித்திருக்க இனிப்பான காப்பியும், டின்னில் வரும் ஊக்க பானமும் துணை. நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. அச்செய்தியை நான் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவள்.

தாப்பாவில் உள்ள கிளினிக்கில் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்து, உடனே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். கண் மருத்துவர் ஓர் இளம்பெண். படத்தைத் திரையில் காட்டிப் பொறுமையாக விளக்கினார். விழித்திரையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசிகின்றன, வலி இருக்காது, அதனால்தான் பலரும் காலந்தாழ்த்தி வருகிறார்கள், இடக்கண் கூடுதலாகக் கெட்டிருக்கிறது. லேசர் சிகிச்சை செய்யலாம். ஆனால் அது போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். இருட்டில் பார்க்கும் திறன் அச்சிகிச்சையால் இன்னும் சற்றுக் குறையவும் கூடும் என்றார். அவர் உடனே கேட்டது: "அப்போ ராத்திரி வண்டி?" மருத்துவர் தலையசைத்தார். பகலில் ஓட்டுவதைப் பற்றிச் சிகிச்சை முடிந்து சோதித்த பிறகு பேசலாம் என்றார். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதை மட்டும் கேளுங்கள். மற்றவற்றை மறந்தாலும் பரவாயில்லை.

சோதனைக்காகக் கண்ணில் விட்ட சொட்டு மருந்தால் பாவை விரிந்து, அவரால் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. வண்டியை யார் ஓட்டுவது? எனக்கு 1998-இல் எடுத்த உரிமம் இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு, அதற்குமேல் ஓட்டியதில்லை. ஈப்போவிலிருந்து தாப்பா வரை நெடுஞ்சாலையில் இடப்பக்கத் தடத்திலேயே, 70-க்கு மேல் போகாமல், கை வியர்க்க ஓட்டினேன். சரக்குந்துகள் எங்களை முந்திச் சென்றன. ஒவ்வொன்றும் கடக்கும்போது கருப்புக் கண்ணாடிக்குள் கண்களை மூடியபடியே, "இது ஹீனோ... இது ஈசுசு" என்று சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டு மாதம் சாவியைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டார். 20 ஆண்டுகள் வேலை செய்தவரை அந்த மனிதர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு மாதச் சம்பளமும் இரண்டு பெட்டி தக்காளியும் கொடுத்தார். தக்காளியை என்ன செய்வதென்று தெரியாமல் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

இப்போது பீடோரில் கொய்யாப் பழத்தைத் தரம் பிரித்துப் பொட்டலமிடும் கொட்டகையில் பகல் வேலை. பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் போய் வருகிறார். சம்பளம் முன்பு கிடைத்ததில் பாதிக்குச் சற்று மேல். மகள் விடுமுறை நாள்களில் ஒரு கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள்; நாங்கள் கேட்கவில்லை, அவளே சொன்னாள். வீட்டுக் கடனை நீட்டித்திருக்கிறோம்.

ஆனால் நான் எதிர்பாராத தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வீட்டில் இரவைக் கழிக்கத் தெரியவில்லை! முதல் இரண்டு வாரம் அவருக்கு உறக்கமே இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரியும். தொலைக்காட்சியில் பழைய படம் ஓடும். நான் எழுந்து போய்த் திட்டுவேன். நான் தனியே உறங்கிப் பழகியவள். மின்விசிறி மூன்றில் ஓட வேண்டும். மலைக்குளிரில் பாதி வாழ்ந்தவருக்கு ஐந்திலும் போதாது. மாலையில் நான் புத்தகம் திருத்தும் மேசையில்தான் அவருக்கும் தேநீர் குடிக்க வேண்டும். பள்ளியில் நடந்ததையெல்லாம் நான் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிச் சொல்லப் பழகியிருந்தேன், இப்போது அவர் "அப்புறம்?" என்று கேட்கிறார். அப்புறம் என்ன சொல்வது? மகளிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, "அம்மா, நீங்க ரெண்டு பேரும் இப்பதான் கல்யாணம் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

நோட்டுப் புத்தகம் மட்டும் மேசையில் இருக்கிறது. நேரில் பேச முடியாதவற்றை அதில் எழுதுகிறோம். ஒரு சண்டைக்குப் பிறகு நான்கு கோடுகளை அடைத்து அவர் எழுதிய ஒரு வரியை மட்டும் இங்கே சொல்லமாட்டேன்.

லேசர் மூன்று முறை முடிந்தது. இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை, அவர் மைவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கே?" என்றேன். "ஆபிஸுக்கு" என்றார். சாவியை என்னிடம் நீட்டினார்.

மலைச் சாலையை நான் ஓட்டியதே இல்லை. மறுத்தேன். "நான் சொல்றேன், நீ ஓட்டு" என்றார். இருட்டுமுன் இறங்குவதில்லை என்றும், அன்றிரவு மேலேயே தங்குவது என்றும் அவர் முன்பே ஒரு மலிவு விடுதியில் சொல்லி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தாப்பாவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், இடப்பக்க இருக்கையில் சாய்ந்துகொண்டு அவர் சொல்லத் தொடங்கினார். "இப்போ வலது. சின்ன வளைவுதான். அடுத்தது இடது, அது மடக்கிப் போகும், ரெண்டாம் கியருக்கு வா... வந்துட்டியா? ஆங். இங்க எதிர்ல பஸ் வந்தா ஓரமா ஒதுங்க இடம் இருக்கு, பயப்படாதே." ஒன்று கூடத் தவறவில்லை. திரும்பிப் பார்த்தேன், கண்களை மூடியிருந்தார். "ரோட்ட பாரு டீச்சர்" என்றார், திறக்காமலே.

லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தினேன். நிறுத்துமிடத்தில் வண்டியைக் கோணலாகத்தான் விட்டேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். பெத்தாய் விற்கும் அம்மா, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "அபாங் சாயூர் எங்கே?" என்று மலாயில் கேட்டார். அவர் மறுபக்கமிருந்து கையை உயர்த்தினார். அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு அவர் கண்ணைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, அந்த அம்மா இரண்டு கட்டுப் பெத்தாயை எடுத்து என் கையில் திணித்தார். காசை வாங்கவே மாட்டேன் என்றார். நான் பத்து ரிங்கிட்டைக் கூடைக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

புளிச்சோறு குளிர்ந்திருந்தது. அருவியில் தண்ணீர் நிறைய.

அன்றிரவு பிரிஞ்சாங்கில் விடுதியின் பின்கட்டில் நின்று செவ்வந்திக் கூடாரங்களைப் பார்த்தோம். அவர் சொன்னது போலத்தான் இருந்தது. "எனக்கு ஒரே மஞ்சளா, கரைஞ்ச மாதிரி தெரியுது. எத்தனை கூடாரம் எரியுது, எண்ணு" என்றார். எண்ணத் தொடங்கினேன். முப்பத்தொன்று வரை போனேன். மேகம் வந்து மூடிக்கொண்டது. விலகும்வரை காத்திருக்கலாம் என்றார். எனக்குக் குளிர் தாங்கவில்லை. உள்ளே போய் அவருடைய பழைய லோரிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.